300 ஜிபி குரல்களை பிளாக்செயினில் வைக்கலாமா?

கேள்வி இதுதான். ஒரு சிறு குழு பல ஆண்டுகளாக முதியவர்களைச் சந்தித்து அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறது. சுமார் 2,000 ஒலிப்பதிவுகள், மொத்தம் 300 ஜிபி. ஒரே ஒரு கிளவுட் நிறுவனத்தை நம்பி அத்தனையையும் விட்டுவைக்க அவர்களுக்கு மனமில்லை. "பிளாக்செயினில் போட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான கணினிகளில் நகல் இருக்கும். யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாது. மாதாமாதம் பணமும் கட்ட வேண்டாம். சரிதானே?" என்று கேட்கிறார்கள்.

பாதி சரி. ஆயிரக்கணக்கான கணினிகளில் நகல் இருக்கும் என்கிறீர்களே, அந்த ஒரே காரணத்தால்தான் 300 ஜிபியை அங்கே வைக்க முடியாது.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பேரேடு, பரிவர்த்தனைகளை 'பிளாக்' என்ற கட்டுகளாகச் சேர்த்துக்கொண்டே போகும். பிட்காயின் என்ற டிஜிட்டல் காசின் வலைப்பின்னலில் ஒவ்வொரு முழு நோடும் (பேரேட்டை வைத்திருக்கும் கணினியும்) ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே இறக்கி, தானே சரிபார்க்கிறது. சாதாரண வீட்டுக் கணினியும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காகவே பிளாக்கின் அளவுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். இன்றைய விதிப்படி ஒரு பிளாக் எவ்வளவு பெருத்தாலும் 4 எம்பியைத் தாண்டாது. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், நாளைக்கு 144. பெருக்கிப் பாருங்கள்: 576 எம்பி. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைய உச்சக் கொள்ளளவு அவ்வளவுதான், கைப்பேசியில் எடுத்த சில நிமிட உயர்தர வீடியோவின் அளவு. உங்கள் 300 ஜிபியை ஏற்ற, வேறு யாரும் ஒரு காசுகூட அனுப்பாமல் ஒதுங்கி நின்றாலும், ஏறத்தாழ 17 மாதம் ஆகும்.

எத்தீரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் கணக்கு வேறு மாதிரி வலிக்கும். ஸ்மார்ட் கான்ட்ராக்டின் (செயினிலேயே ஓடும் சிறு நிரலின்) சேமிப்பிடத்தில் 32 பைட் கொண்ட ஒரு புதிய கட்டத்தை நிரப்ப 20,000 காஸ் (அங்கே வேலைக்கான கட்டண அலகு) செலவாகும். 1 எம்பிக்கு அப்படி 32,768 கட்டங்கள், அதாவது சுமார் 65.5 கோடி காஸ். ஒரு காஸின் விலை 20 குவே (ஒரு குவே, எத்தீரியத்தின் காசான ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்று வைத்தால் 13 ஈதருக்குச் சற்று மேல். 300 ஜிபிக்கு சுமார் 40 லட்சம் ஈதர் வரும். உலகில் புழங்கும் மொத்த ஈதரே ஏறத்தாழ 12 கோடிதான். நெரிசலே இல்லாத நாளில் விலை 1 குவேக்கு இறங்கினாலும் 2 லட்சம் ஈதர். சேமிப்பிடத்தில் எழுதாமல் கான்ட்ராக்டின் நிரல் பகுதியில் தரவைத் திணிக்கும் தந்திரம் ஒன்று உண்டு. அதில் செலவு மூன்றில் ஒரு பங்காகும். மூன்றில் ஒரு பங்கு என்றாலும் அது உங்கள் சக்திக்குள் வரப்போவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கள் பிளாக்செயினுக்குள் தரவைச் செருகாமல் இருந்ததில்லை. பிட்காயினின் முதல் பிளாக்கிலேயே 2009 ஜனவரி 3 தேதியிட்ட ஒரு நாளிதழின் தலைப்புச் செய்தி இருக்கிறது. 2013 ஏப்ரலில் யாரோ ஒருவர் பிட்காயினின் வெள்ளை அறிக்கையை (அதன் வடிவமைப்பை விளக்கிய மூல ஆவணத்தை), 184 கேபி அளவுள்ள பிடிஎஃப் கோப்பை, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கிப் போலிப் பொதுச்சாவிகளாக (காசு பெறும் முகவரிகள் போன்றவை) வேடம் போட வைத்து ஒரே பரிவர்த்தனைக்குள் ஏற்றினார். சாமர்த்தியம்தான். ஆனால் இப்படிப் போலிச் சாவிகளுக்கு அனுப்பிய காசை ஒருநாளும் யாரும் செலவழிக்கப் போவதில்லை. அது நோடுகளுக்குத் தெரியாதே! "செலவாகக் காத்திருப்பவை" என்ற பட்டியலில் அந்தக் குப்பையை என்றென்றைக்கும் சுமந்துகொண்டு திரிகின்றன.

அந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் 2014 மார்ச்சில் 'ஓபி ரிட்டர்ன்' என்ற ஓரத்து இடம் அதிகாரபூர்வமாக விடப்பட்டது. முதலில் 40 பைட், பிறகு 80 பைட். ஒரு சிறு வாக்கியத்துக்குப் போதும், ஒரு ஹாஷுக்கு, அதாவது ஒரு கோப்பிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற சிறு எண்ணுக்கு, தாராளம். 2023 ஜனவரியில் நிரலாளர் கேசி ரோடார்மர், தரவைப் பிட்காயினில் பொறிக்கும் 'ஆர்டினல்ஸ்' முறையைக் கொண்டுவந்ததும் கதை மாறியது. கையொப்பப் பகுதியில் வைக்கும் பைட்டுகளுக்குக் கட்டணம் நான்கில் ஒரு பங்குதான் என்பதைப் பயன்படுத்தி முழுப் படங்களையே ஏற்றத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே ஒற்றைப் படத்துக்காகக் கிட்டத்தட்ட 4 எம்பி அளவில் ஒரு பிளாக் வந்தது. பணத்துக்கான பேரேட்டில் படம் ஒட்டலாமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. 2025 அக்டோபரில் பெரும்பாலான நோடுகள் ஓட்டும் 'பிட்காயின் கோர்' மென்பொருள் அந்த ஓரத்து இடத்தின் இயல்பு வரம்பை 1,00,000 பைட்டாக உயர்த்தியபோது எரிகிற நெருப்பில் எண்ணெய் விழுந்தது. என் கருத்தைக் கேட்டால், கட்டணம் கட்டுகிறவர் எதை எழுதுகிறார் என்று பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். அதற்காக அதைச் சேமிப்பகம் என்று அழைப்பதும் பொருந்தாது.

எத்தீரியம் இதில் வெளிப்படையாகவே ஒரு முடிவெடுத்துவிட்டது. 2024 மார்ச் 13 அன்று வந்த டென்கன் மேம்பாட்டில் மலிவான 'பிளாப்' என்ற தரவுப் பொட்டலத்தை அறிமுகப்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் 128 கேபி. சுமார் 18 நாட்களுக்குப் பிறகு நோடுகள் அதைத் தூக்கி எறிந்துவிடலாம். விலை குறைய வேண்டுமென்றால் நிரந்தரம் போக வேண்டும் என்று அதைக் கட்டியவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பிட்காயினிலும் 2015 முதல் பழைய பிளாக்குகளைச் சரிபார்த்தபின் அழித்துவிட்டு ஓடும் நோடு வசதி உண்டு. ஆக, "எல்லோரிடமும் முழு நகல் இருக்கிறது" என்பதும் முழுக்க உண்மையில்லை.

பிளாக்செயினைப் பலரும் கல்வெட்டு என்கிறார்கள். எனக்கு அது ஏட்டுச்சுவடியாகத்தான் படுகிறது. கல்வெட்டு, யாரும் கவனிக்காவிட்டாலும் மண்ணுக்குள் கிடக்கும். ஏட்டை அடுத்த தலைமுறை எடுத்துப் படியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லரித்துப் போகும். எந்த டிஜிட்டல் தரவும் அப்படித்தான், யாரோ ஒருவர் தொடர்ந்து படியெடுத்துக்கொண்டிருப்பதால்தான் உயிரோடு இருக்கிறது. அதனால் எந்தச் சேமிப்புத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் கேட்பது மூன்று: யார் வைத்திருக்கிறார்கள்? வைத்திருப்பதால் அவர்களுக்கு என்ன லாபம்? வைத்திருப்பதாகப் பொய் சொன்னால் எப்படித் தெரியவரும்?

இரண்டாவதையும் மூன்றாவதையும் கேட்காமல் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஐபிஎஃப்எஸ் புதிதாகத் தெரிந்த நாட்களில் ஒரு கோப்புறையை அதில் சேர்த்து, நீளமான முகவரியை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாக மடிக்கணினியை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஒருவருக்கும் திறக்கவில்லை. ஐபிஎஃப்எஸ் ஒரு பிளாக்செயின் இல்லை, சேமிப்புச் சேவையும் இல்லை. ஒரு கோப்பை அது இருக்கும் இடத்தை வைத்துத் தேடாமல் அதன் உள்ளடக்கத்தின் ஹாஷை வைத்துத் தேடும் முறை, அவ்வளவுதான். அருமையான முறை: வந்து சேர்ந்த கோப்பு அசலா என்பதை முகவரியே சொல்லிவிடும். ஆனால் அந்த ஹாஷுக்குரிய கோப்பை யாராவது ஒருவர் 'பின்' செய்து (தன் கணினியில் நிலையாக) வைத்திருந்தால்தான் கிடைக்கும். என் விஷயத்தில் அந்த ஒருவர் மூடிக்கிடந்த என் மடிக்கணினி.

என்எஃப்டி, அதாவது ஒரு டிஜிட்டல் படத்துக்கான உரிமைச் சீட்டு, வாங்கிய பலர் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். பெரும்பாலான என்எஃப்டிகளில் செயினில் இருப்பது ஒரு எண்ணும் ஒரு சுட்டியும் மட்டுமே, படம் வேறெங்கோ ஒரு சர்வரில். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றகம் திவாலான பிறகு, அங்கே உருவாக்கப்பட்ட என்எஃப்டிகளின் படங்கள் காணாமல் போயின. சுட்டிகள் அந்த நிறுவனத்தின் சர்வரைத்தானே காட்டிக்கொண்டிருந்தன. 'கிரிப்டோபங்க்ஸ்' என்ற என்எஃப்டி முகப்படத் தொகுப்பு இதற்கு எதிர்ப்பக்கம். 2017-இல் வெளியானபோது 10,000 முகங்களும் சேர்ந்த ஒரே பெரிய படத்தின் ஹாஷ் மட்டும் கான்ட்ராக்டில் இருந்தது. 2021 ஆகஸ்டில் அத்தனை முகங்களையும் செயினுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். முடிந்தது எப்படி என்றால், ஒவ்வொரு முகமும் 24-க்கு 24 புள்ளிகள், அவ்வளவு சிறியது.

வைத்திருப்பவரைப் பொய் சொல்ல விடாமல் பிடிப்பதுதான் இந்தத் துறையின் அழகான பகுதி. பணம் வாங்கிக்கொண்டு கோப்புகளை வைத்திருக்கும் வலைப்பின்னலான பைல்காயின் இதில் மிக விரிவாக யோசித்தது, அதன் முதன்மை வலைப்பின்னல் 2020 அக்டோபரில் தொடங்கியது. மூன்று நகல் வைத்திருக்கிறேன் என்று சொல்லி மூன்று பேர் வேடத்தில் ஒருவரே ஒரு நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று சம்பளம் வாங்கினால்? கேட்கும்போது மட்டும் பக்கத்து ஆளிடம் வாங்கிக் காட்டினால்? இதைத் தடுக்க, சேமிப்பவர் தரவை 32 அல்லது 64 ஜிபி பகுதிகளாகத் தனக்கே உரிய வடிவில் 'சீல்' வைக்கிறார். சீல் வைக்கும் கணக்கு வேண்டுமென்றே மெதுவானது. ஆகவே கேள்வி வந்த பிறகு அவசரமாக ஒரு போலி நகலைச் செய்து காட்ட நேரம் போதாது. பிறகு ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஒருமுறை, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த இடங்களைச் சுட்டி "இதைக் காட்டு" என்று வலைப்பின்னல் கேட்கும். நிரூபணம் தவறினால் அபராதம், முன்கூட்டியே கட்டிய பிணைத்தொகையில் வெட்டு விழலாம். செயினில் ஏறுவது இந்த ஒப்பந்தமும் நிரூபணமும் அபராதமும் மட்டுமே. தரவு வெளியே ஹார்டு டிஸ்க்குகளில் இருக்கிறது.

இதில் ஒரு ஓட்டையைக் கவனியுங்கள், விளம்பரங்களில் இது வராது. அந்த நிரூபணம் "என்னிடம் இருக்கிறது" என்பதைத்தான் காட்டும். "கேட்டால் தருவேன்" என்பதைக் காட்டாது. வங்கிப் பெட்டகத்தில் நகை பத்திரமாக இருக்கிறது, பெட்டகத்தைத் திறக்கும் ஊழியர்தான் வரவில்லை என்கிற நிலை. தொடக்க ஆண்டுகளில் பைல்காயினின் பிரம்மாண்டமான கொள்ளளவில் பெரும்பகுதி, வெகுமதிக்காகக் குப்பைத் தரவை நிரப்பி வைத்த இடம் என்பதையும் மறக்கக் கூடாது. உண்மையான தரவுக்கு 10 மடங்கு மதிப்புக் கொடுக்கும் திட்டம் இருப்பதே இந்தச் சிக்கலால்தான். (ஏறத்தாழ ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு திட்டங்கள் இருப்பதால் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். 2021-இல் ஹார்டு டிஸ்க் தட்டுப்பாட்டுக்குக் காரணமான 'சீயா' (Chia) காலி இடத்தைப் பயனற்ற எண்களால் நிரப்பிப் போட்டி நடத்தும் காசு. அதில் உங்கள் கோப்புக்கு இடமே கிடையாது. 2015-இல் தொடங்கிய 'சயா' (Sia) வேறு, அதுதான் சேமிப்பு வலைப்பின்னல்.)

சயாவும் அதைப் போன்ற இன்னொரு சேமிப்பு வலைப்பின்னலான ஸ்டோர்ஜும் நம்புவது வேறொரு பழைய வித்தையை. ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். உங்கள் தரவு இரண்டு எண்கள் என்றால் அவற்றால் ஒரு கோடு வரைந்து, அந்தக் கோட்டில் ஐந்து புள்ளிகளைக் குறித்து, ஐந்து பேரிடம் கொடுத்துவிடலாம். மூன்று பேர் ஓடிப்போனாலும் மீதி இரண்டு பேரின் புள்ளிகளை வைத்து அதே கோட்டைத் திரும்ப வரையலாம். இதையே பெரிதாக்கிய ரீட்-சாலமன் முறையில் ஸ்டோர்ஜ் ஒரு கோப்புத் துண்டை, எடுத்துக்காட்டாக, 80 பங்காக்கிப் பரப்பும். அவற்றில் எந்த 29 கிடைத்தாலும் போதும். இடச்செலவு அசலைப் போல் 2.76 மடங்கு. இதோடு ஒப்பிட்டால், மூன்று முழு நகல் வைப்பது 3 மடங்கு செலவு, தாங்குவதோ இரண்டு இழப்பை மட்டும். இங்கே 51 பங்குகள் போனாலும் கோப்பு பிழைக்கும். ஒரே நிபந்தனை, 80 பங்கும் உண்மையிலேயே வேறுவேறு இடங்களில் இருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் 60 பங்கு இருந்தால் ஒரு மின்தடை எல்லாக் கணக்கையும் பொய்யாக்கிவிடும். அதனால்தான் ஒரே இணைய முகவரித் தொகுதியிலிருந்து பல நோடுகளைத் தேர்ந்தெடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஸ்டோர்ஜில் எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியல் பிளாக்செயினில் இல்லை, 'சாட்டிலைட்' என்ற ஒருங்கிணைப்புச் சர்வர்களில் இருக்கிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. வேகமாக வேலை செய்வதற்குக் கொடுத்த விலை அது. நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

"மாதாமாதம் பணம் கட்ட வேண்டாம்" என்ற உங்கள் ஆசைக்கு மிக அருகில் வருவது 2018-இல் தொடங்கிய ஆர்வீவ் என்ற சேமிப்பு வலைப்பின்னல். ஒருமுறை கட்டினால் போதும். கட்டிய பணத்தின் பெரும்பகுதி ஒரு பொது நிதிக்குப் போய், அதிலிருந்து வருங்காலச் சேமிப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படும். கணக்கின் அடிப்படை, சேமிப்புச் செலவு ஆண்டுக்குக் குறைந்தது அரை சதவீதமாவது குறைந்துகொண்டே போகும் என்பது. கடந்த அரை நூற்றாண்டில் ஹார்டு டிஸ்க் விலை விழுந்த வேகத்தைப் பார்த்தால் இது அடக்கமான எதிர்பார்ப்புதான். ஆனால் அந்த நிதி டாலரிலோ தங்கத்திலோ இல்லை, ஆர்வீவின் சொந்த டோக்கனில் (அது தானே வெளியிடும் டிஜிட்டல் காசில்) இருக்கிறது. டிஸ்க் விலை குறையும் என்று நம்புவது ஒன்று, இந்த டோக்கனுக்கு 100 ஆண்டுக்குப் பிறகும் யாராவது விலை கொடுப்பார்கள் என்று நம்புவது இன்னொன்று. முதல் நம்பிக்கை எனக்கு உண்டு.

இனி உங்கள் பதிவுகளுக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்க வேண்டியிருக்கிறது. "யாராலும் அழிக்க முடியாது" என்பதில் "யாராலும்" என்றால் நீங்களும்தான். பேசிய முதியவரோ அவருடைய பிள்ளைகளோ அடுத்த ஆண்டு வந்து, "அந்தப் பகுதியில் ஒருவர் பெயர் வருகிறது, எடுத்துவிடுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளில், தன்னைப் பற்றிய தரவை அழிக்கச் சொல்லும் உரிமை தனி விதியாகவே இருக்கிறது. நிரந்தரச் செயினில் ஏற்றியதை வைத்துக்கொண்டு அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல முடியாது. 2018-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பிட்காயின் செயினைச் சலித்துப் பார்த்தபோது சுமார் 1,600 கோப்புகள் கிடைத்தன, அவற்றில் சட்டவிரோதமானவையும் இருந்தன. இன்றும் அவை அங்கேதான்.

மறையாக்கம் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) ஏற்றினால் ஆகாதா என்றால், பொதுச் செயினில் வைத்த மறையாக்கத் தரவை எவரும் இன்றே இறக்கி வைத்துக்கொண்டு 30 ஆண்டு காத்திருக்கலாம். இன்றைய பூட்டு அன்றைக்கும் தாங்குமா என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை, அதுவும் அடுத்தவர் ரகசியத்தை வைத்து. ஹாஷ் மட்டும்தானே என்றும் அலட்சியமாக இருக்கக் கூடாது. ஒரு தொலைபேசி எண்ணின் ஹாஷைச் செயினில் போட்டால் அது ரகசியமே இல்லை. பத்து இலக்க எண்கள் மொத்தம் 1,000 கோடிதான், எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு நல்ல கணினிக்குச் சில வினாடிகள் போதும். பெரிய ஒலிக்கோப்பின் ஹாஷில் அந்த ஆபத்து இல்லை. பெயர், எண், பிறந்த தேதி போன்ற சிறு தரவை ஹாஷ் செய்வதானால் தற்செயலான நீண்ட 'சால்ட்' (ரகசியமாக வைக்கும் கூடுதல் எழுத்துவரிசை) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பிளாக்செயினுக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு. சாட்சி சொல்லும் வேலை. இது பிட்காயினைவிடப் பழைய யோசனை. ஆய்வாளர்கள் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும் 1991-இல் ஆவணங்களுக்கு ஹாஷ் சங்கிலியால் நேரமுத்திரை இடும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் ஒரு ஹாஷை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. அச்சான எல்லாப் பிரதிகளையும் தேடிப்பிடித்துத் திருத்த யாரால் முடியும்? பிட்காயின் வெள்ளை அறிக்கையின் எட்டு மேற்கோள்களில் மூன்று இவர்களுடைய கட்டுரைகள்.

இன்று அந்த நாளிதழின் இடத்தில் பிட்காயின் செயின். உங்கள் 2,000 கோப்புகளுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹாஷ் எடுங்கள், ஒவ்வொன்றும் 32 பைட். இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் ஹாஷ் எடுத்துக்கொண்டே மேலே போனால் மெர்க்கிள் மரத்தின் உச்சியில் ஒற்றை ஹாஷ் மிஞ்சும். அந்த 32 பைட்டை மட்டும் செயினில் பதிந்தால் போதும். பின்னாளில் ஏதாவது ஒரு பதிவு "இந்தத் தேதியில் இப்படியேதான் இருந்தது" என்று நிரூபிக்க, கோப்போடு 11 ஹாஷ்களைக் காட்டினால் சரி, மொத்தம் 352 பைட். பிட்காயின் நிரலாளர் பீட்டர் டாட் உருவாக்கிய 'ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ்' சேவை இதைக் கட்டணமின்றிச் செய்கிறது, ஏனென்றால் பலருடைய ஹாஷ்களையும் ஒரே மரமாக்கி ஒரே பரிவர்த்தனையில் ஏற்றிவிடுகிறது. 2017-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் சுமார் 75 கோடி கோப்புகளுக்கு இப்படித்தான் முத்திரை இட்டார். ஒன்றை நினைவில் வையுங்கள்: கோப்பு அந்த நாளில் இருந்தது என்பதைத்தான் இது காட்டும். அதில் சொன்னது உண்மையா, பதிவு செய்தது யார் என்பதற்கெல்லாம் இது பொறுப்பேற்காது.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் ஹாஷ் பட்டியலும் நேரமுத்திரையும், இன்றே, ஒரு மாலை நேர வேலை. பிறகு ஒவ்வொரு பதிவையும் தனித்தனிச் சாவியால் மறையாக்கம் செய்வேன். ஒருவர் தன் பேச்சை நீக்கச் சொன்னால் கையில் இருக்கும் பிரதிகளை அழிப்பதோடு அந்த ஒரு சாவியையும் அழித்துவிட்டால், எட்டாத இடங்களில் இருக்கும் நகல்களும் வெறும் இரைச்சலாகிவிடும். முன்னே சொன்ன 30 ஆண்டுக் கவலை இருப்பதால் இந்த மறையாக்கப் பிரதிகளையும் பொதுச் செயினிலோ ஆர்வீவிலோ வைக்க மாட்டேன். ஒரு பிரதி ஸ்டோர்ஜ் போன்ற வலைப்பின்னலில், ஒன்று நம்பகமான ஒரு நூலகத்தில், ஒன்று குழுவின் சொந்த டிஸ்க்கில். யாருக்கும் மறுப்பில்லை என்று எழுத்தில் ஒப்புதல் கிடைத்த சில பதிவுகள் இருந்தால், அவற்றை மட்டும் மறையாக்காமல் ஆர்வீவில் நிரந்தரமாக வைக்கலாம்.

சாவிகளை எங்கே வைப்பது என்பதுதான் இதில் உண்மையாகவே கடினமான பகுதி. பரவலாக்கிய வலைப்பின்னலில் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற பொத்தான் கிடையாது. சாவிகளின் பட்டியலை ஒரு முதன்மைச் சாவியால் பூட்டி, அந்த முதன்மைச் சாவியை ஐந்து பங்காக்கி, எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும்படி ஐந்து பேரிடம் கொடுங்கள். மேலே சொன்ன கோடும் புள்ளியும் வித்தையின் உறவுமுறைதான் இது, கணினி விஞ்ஞானி ஆடி ஷமீர் 1979-இல் வெளியிட்டது. காகிதத்தில் அச்சிட்டே கொடுங்கள். பட்டியலின் நகல்களை நீங்கள் எட்டக்கூடிய இரண்டு இடங்களில் மட்டும் வையுங்கள், ஒரு சாவியை அழிக்கும் நாளில் எல்லா நகல்களிலிருந்தும் அழிக்க வேண்டியிருக்குமே.

ஆண்டுக்கு ஒருமுறை தற்செயலாகப் பத்துப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று இடங்களிலிருந்தும் இறக்கி, பூட்டைத் திறந்து, ஹாஷை ஒப்பிட்டு, ஒரு நிமிடமாவது காதால் கேட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு அந்த வேலை யாருடையது என்று இப்போதே பெயரை எழுதி வையுங்கள்.